எழுபது வளைவும் ஓர் எட்டும்

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டிப் போனால் காரவள்ளி. கொல்லிமலையின் அடிவாரம். ஞாயிற்றுக்கிழமைகளில் விடிந்தும் விடியாத நேரத்திலேயே பைக்குகள் வந்து சேரத் தொடங்கிவிடும். சேலம், திருச்சி, சென்னை, பெங்களூர் என்று பல ஊர் நம்பர் பிளேட்டுகள். டீயைக் குடித்துவிட்டு, ஹெல்மெட்டை மாட்டி, கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு ஒவ்வொருவராகக் கிளம்புவார்கள். மலைச்சாலை தொடங்கியதும் வளைவுகளுக்கு எண் போட்ட பலகைகள் வரிசையாக வரும். முதல் பலகையில் இருப்பது 1/70.

எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஏற்காட்டுக்குச் சேலத்திலிருந்து ஏறினால் இருபது, ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு நாற்பது, ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் முப்பத்தாறு. எண்ணிக்கையில் கொல்லிமலை இவை எல்லாவற்றையும் மிஞ்சிவிடுகிறது. பைக் ஓட்டுகிறவர்களுக்கு இந்த ஊரின் மேல் இருக்கும் மோகத்துக்கும், பலருக்கு உள்ளூர இருக்கும் பயத்துக்கும் காரணம் அந்த எழுபதுதான்.

முதல்முறை வருகிறவருக்கு நான்கைந்து வளைவுகள் சுலபமாகவே கழிந்துவிடும். அந்தத் தெம்பில் அடுத்த நேர்ச்சாலையில் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கூடுதலாகத் திருகியிருப்பார். வளைவு முகத்துக்கு நேரே வந்த பிறகுதான் வேகம் அதிகம் என்று உறைக்கும். ஆக்சிலேட்டரைச் சட்டென்று விடுவார். வலது கால் தானாகப் பின் பிரேக்கை மிதிக்கும். கை இரண்டும் ஹேண்டில்பாரை இறுக்கும். கண், போக வேண்டிய சாலையை விட்டுவிட்டு, ஓரத்துத் தடுப்புச்சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். பைக் நிமிர்ந்து வளைவின் வெளிப்பக்கமாகப் போகும். எதிரே பஸ் வராத காரணத்தால் தப்பித்தவர், மேலே போய்ச் சேர்ந்ததும் நண்பர்களிடம் சொல்வார்: “எனக்குக் கார்னரிங்னாலே கொஞ்சம் பயம்ப்பா.”

அவருக்குத் துணிச்சல் போதவில்லை என்று நண்பர்கள் சொல்வார்கள். இன்னும் பத்து தடவை வந்தால் சரியாகிவிடும் என்பார்கள். ஆனால் அவருடைய பயம் அவரிடம் உண்மையைத்தான் சொன்னது: வேகம் கூடிவிட்டது, கையில் மிச்சம் எதுவும் இல்லை. தவறு நடந்த இடம் வளைவே இல்லை. அதற்கு முப்பது, நாற்பது மீட்டர் முன்னால் இருந்த நேர்ச்சாலை. வளைவில் வரும் நம்பிக்கையை அந்த முப்பது மீட்டரில்தான் சம்பாதிக்க முடியும். அதைச் சம்பாதிக்கும் வழி, யாரும் கற்றுக்கொள்ளக்கூடிய சில பழக்கங்கள்.

இரண்டு நொடி

மோட்டார்சைக்கிள் விபத்துகளைப் பற்றி இன்றுவரை அதிகம் பேசப்படும் ஆய்வு, அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்ற பேராசிரியர் தலைமையில் நடந்தது. லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் நடந்த 900 விபத்துகளை, நடந்த இடத்துக்கே போய் அவருடைய குழு ஆராய்ந்தது. முடிவுகள் 1981-ல் வெளியாயின. வேறு வண்டி எதுவும் சம்பந்தப்படாமல் பைக் மட்டும் தனியாக விழுந்த விபத்துகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, ஓட்டியவரின் தவறால் நடந்தவை. அந்தத் தவறுகளில் அடிக்கடி காணப்பட்டவை இரண்டு: அளவுக்கு மீறிப் பிரேக் பிடித்துச் சறுக்கியது, வளைவில் வேகம் கூடியோ போதுமான அளவு சாய்க்காமலோ வெளிப்பக்கம் போய்விட்டது.

இந்த இரண்டாவது காரணத்தில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. சாய்த்திருந்தால் திரும்பியிருக்கக்கூடிய பைக்கைச் சாய்க்காமல் விட்டதும் அதில் அடங்கும். பயந்த கை, பைக்கால் முடிந்ததைக்கூடச் செய்யவிடுவதில்லை.

அதே ஆய்வு இன்னும் இரண்டு செய்திகளைச் சொன்னது. ஒரு சராசரி விபத்தில், ஆபத்தை உணர்ந்து தப்பிக்க ஓட்டுநருக்குக் கிடைத்த நேரம் இரண்டு நொடிக்கும் குறைவு. விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவீதம் பேர் தாமாகவோ, வீட்டார், நண்பர்களிடமோ வண்டி பழகியவர்கள். முறையாக யாரும் சொல்லித் தரவில்லை. நம் ஊரிலும் அண்ணனின் பைக்கைத் தெருமுனை வரை ஓட்டிப் பழகி, ஆர்.டி.ஓ. மைதானத்தில் எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கியவர்கள்தான் பெரும்பாலோர். 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் ஒரு நொடியில் 11 மீட்டர் கடந்துவிடுகிறார். அந்த இரண்டு நொடிக்குள் 22 மீட்டர் போய்விடும். அதற்குள் யோசித்துச் செய்ய அவகாசம் இல்லை. உடம்பு எதைப் பழகி வைத்திருக்கிறதோ அதைத்தான் செய்யும்.

வேகம் கூடும்போது சாய்வு

பைக் திரும்ப வேண்டுமானால் சாய வேண்டும். எவ்வளவு சாய வேண்டும் என்பதை வேகமும் வளைவின் ஆரமும் தீர்மானிக்கின்றன. 20 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை எடுத்துக்கொள்ளலாம். 30 கிலோமீட்டர் வேகத்தில் அதைக் கடக்க ஏறக்குறைய 20 டிகிரி சாய்ந்தால் போதும். 40-ல் போனால் 32 டிகிரி. 50-ல் போனால் கிட்டத்தட்ட 45 டிகிரி. ஸ்பீடோமீட்டர் முள் 30-லிருந்து 50-க்கு நகர்ந்தது கண்ணுக்குச் சிறிதாகத் தெரியும். சாய்வோ இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது.

டயருக்குத் தேவைப்படும் பிடிப்பையும் பார்க்கலாம். 30-ல் போகும்போது, பைக்கும் ஆளும் சேர்ந்த எடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமான பக்கவாட்டுப் பிடிப்பு போதும். 40-ல் மூன்றில் இரண்டு பங்கை நெருங்கும். 50-ல் முழு எடைக்கே ஏறக்குறைய சமமாகிவிடும். சாதாரண டயரும் மண் படிந்த மலைச்சாலையும் அவ்வளவு பிடிப்பைத் தரும் என்று நம்பி இறங்க முடியாது. பல பைக்குகளில் அதற்கு முன்பே ஃபுட்ரெஸ்ட் தரையை உரசிவிடும். மோட்டோஜிபி வீரர்கள் 60 டிகிரிக்கு மேல் சாய்வது, அதற்கென்றே செய்த டயரும் துடைத்து வைத்த தடமும் இருப்பதால்.

30-க்கும் 40-க்கும் இடையில் மனத்திலும் ஒரு கதவு இருக்கிறது. பைக் ஓட்டுவதன் உளவியலை எழுதிய ஜெர்மானியர் பெர்ன்ட் ஷ்பீகல், மனித உடம்புக்கு இயல்பாக ஒத்துப்போகும் சாய்வு 20 டிகிரி அளவுதான் என்கிறார். வெறுங்காலோடு ஓடித் திரும்பிய நம் முன்னோருக்கு அதற்கு மேல் சாய்ந்தால் கால் வழுக்கும். அந்த எச்சரிக்கை இன்னும் நமக்குள் இருக்கிறது. ஆகவே 20 டிகிரியைத் தாண்டும்போது அடிவயிற்றில் ஏதோ செய்வது இயற்கை. படிப்படியான பழக்கம்தான் அந்த எல்லையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தும்.

நேர்ச்சாலையிலேயே முடிய வேண்டிய வேலை

டயரின் பிடிப்பைக் கையில் இருக்கும் பணம் போல நினைக்கலாம். பிரேக்குக்கும் அதிலிருந்துதான் செலவு, திரும்புவதற்கும் அதிலிருந்துதான் செலவு. நேராகப் போகும்போது முழுவதையும் பிரேக்குக்குக் கொடுக்கலாம். நன்றாகச் சாய்ந்திருக்கும்போது பெரும்பகுதி திரும்புவதிலேயே தீர்ந்திருக்கும். அப்போது பிரேக்கை அழுத்திப் பிடித்தால் பணம் போதாமல் டயர் கைவிரிக்கும். முன் சக்கரம் வழுக்கும் பெரும்பாலான வீழ்ச்சிகளுக்குப் பின்னால் இந்தக் கணக்குதான் இருக்கிறது.

அதனால்தான் பயிற்சியாளர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையைச் சொல்லித் தருகிறார்கள். பைக் நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைக்க வேண்டும். அப்போதே கியரை இறக்க வேண்டும். கொண்டை ஊசி என்றால் இரண்டாவது, செங்குத்தான ஏற்றமாக இருந்தால் முதல் கியர். அதற்குப் பிறகே திருப்ப வேண்டும். வளைவுக்குள் போனபின் கியர் மாற்றத் தடுமாறுகிறவர், கிளட்சைப் பிடித்த நொடியில் இழுவை இல்லாமல் பைக்கை மிதக்கவிடுகிறார். ஏற்றத்தில் எஞ்சின் அணைந்தால் சாய்ந்திருக்கும் பக்கமே விழவும் கூடும்.

சரியான வேகம் எது என்று எப்படித் தெரியும்? பிரிட்டன் போலீசாருக்கான மோட்டார்சைக்கிள் கையேட்டில் இதற்கு அழகான ஒரு வழி உண்டு. அங்கேயும் நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள் என்பதால் அப்படியே நமக்குப் பொருந்தும். வளைவை நோக்கிப் போகும்போது, சாலையின் இடது ஓரமும் வலது ஓரமும் தூரத்தில் ஓரிடத்தில் கூடுவது போலத் தெரியும். லிமிட் பாயின்ட் என்று அதற்குப் பெயர். அந்தப் புள்ளி நம்மை நோக்கி வேகமாக நெருங்கி வந்தால் வளைவு இறுகுகிறது, வேகத்தைக் குறைக்க வேண்டும். நாம் போகும் வேகத்திலேயே அதுவும் நகர்ந்தால் வேகம் சரி. அது விலகி ஓடத் தொடங்கினால் வளைவு திறக்கிறது, ஆக்சிலேட்டரைக் கூட்டலாம். எப்போதும் அந்தப் புள்ளிக்கு முன்பாக நிறுத்திவிடக்கூடிய வேகமே ஓட்டும் வேகம். சாலையே நம்மோடு பேசுவது போன்ற ஏற்பாடு இது. ஒரே வாரம் பழகினால், காரில் பின் சீட்டில் போகும்போதுகூடக் கண் அந்தப் புள்ளியைத் தேடத் தொடங்கிவிடும்.

அடுத்தது, எங்கே திருப்பத் தொடங்குவது என்பது. பயந்தவர்கள் பெரும்பாலும் சீக்கிரமாகத் திருப்பிவிடுகிறார்கள். வளைவை விரைவில் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம். ஆனால் சீக்கிரம் உள்ளே போனால் வெளியே வரும்போது பைக் அகலப் போகும். இடது வளைவில் அகலப் போனால் எதிர்ப்பக்கத்து வண்டியின் பாதை. வலது வளைவில் அகலப் போனால் ஓரத்துச் சரளையும் தடுப்புச்சுவரும். தம் பாதிச் சாலைக்குள்ளேயே நின்று, இன்னும் ஒரு கணம் பொறுத்து, வளைவு எங்கே போகிறது என்று தெரிந்த பிறகு திருப்பினால் வெளியேறும் இடம் தானாக நேராகும்.

சுவரைப் பார்த்தால் சுவருக்கு

சைக்கிள் பழகிய காலத்தில் எல்லோருக்கும் நடந்திருக்கும். காலியான மைதானத்தில் ஒரே ஒரு கல் கிடக்கும், சக்கரம் அதன் மேலேயே போய் ஏறும். ஆபத்தின் மேல் கண் நிலைத்துவிட்டால் கை அங்கேயே வண்டியைக் கொண்டுபோகிறது. கொல்லிமலையில் தடுப்புச்சுவரைப் பார்த்தவர் அதை நோக்கிப் போனதும் இப்படித்தான்.

மாற்று வழி எளிது, பழகுவதுதான் கடினம். திருப்பத் தொடங்கும் முன்பே கண் அடுத்த இடத்துக்குப் போய்விட வேண்டும். கொண்டை ஊசியில் அந்த இடம் பெரும்பாலும் தோளுக்கு மேலே, ஏறக்குறைய பின்பக்கமாக இருக்கும். கண்ணை மட்டும் ஓரமாக உருட்டினால் போதாது. முகத்தையே திருப்பி, மோவாய் தோளைத் தொடும் அளவுக்குப் பார்க்க வேண்டும். முதலில் கழுத்து ஒத்துழைக்காது. முன் சக்கரத்துக்கு அடியில் என்ன இருக்கிறதோ என்ற கவலை பார்வையைக் கீழே இழுக்கும். முன் சக்கரத்தடியில் இருப்பதைப் பற்றி இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை. அதைப் பார்த்திருக்க வேண்டிய நேரம் மூன்று நொடிக்கு முன்பே போய்விட்டது.

இடப்பக்கம் போக இடது கையைத் தள்ளு

விமானம் கண்டுபிடித்த ரைட் சகோதரர்கள் அதற்கு முன் அமெரிக்காவின் டேட்டன் நகரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள். அவர்களில் மூத்தவரான வில்பர், இடப்பக்கம் எப்படித் திரும்புகிறீர்கள் என்று சைக்கிள் ஓட்டுகிறவர்கள் பலரிடம் கேட்டுப் பார்த்தார். ஹேண்டில்பாரை இடப்பக்கம் திருப்புகிறோம் என்றே பதில் வந்தது. உண்மையில் நடப்பதை முழுதாகச் சரியாகச் சொன்னவர் ஒருவரும் இல்லை. திரும்பும் கணத்தில் ஹேண்டில் முதலில் சற்று எதிர்ப்பக்கம் போகிறது என்பதை அவர் கவனித்திருந்தார்.

கவுண்டர் ஸ்டீரிங் என்று இன்று சொல்வது இதைத்தான். பைக் ஓரளவு வேகம் பிடித்ததும், இடது கைப்பிடியை மெல்ல முன்னால் தள்ளினால் முன் சக்கரம் ஒரு கணம் வலப்பக்கம் திரும்புகிறது. சக்கரம் வலப்பக்கம் விலகுவதால் பைக்கின் மேல்பாகம் இடப்பக்கம் சாய்கிறது. சாய்ந்ததும் பைக் இடப்பக்கம் திரும்புகிறது. படிக்கும்போது தலைகீழாகத் தோன்றும். ஆனால் பைக் ஓட்டும் எல்லோரும் தெரியாமலேயே தினமும் இதைச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

தெரிந்து செய்வதில் என்ன லாபம்? ஆள் நடமாட்டம் இல்லாத நேரான, அகலமான சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, இடது உள்ளங்கையால் கைப்பிடியை ஒரு விரல் அழுத்தும் அளவுக்கு முன்னே தள்ளிப் பார்த்தால் புரிந்துவிடும். பைக் உடனே, எந்த முனகலும் இல்லாமல் இடப்பக்கம் சாயும். அழுத்தத்தை விட்டால் நிமிரும். வலது கையிலும் அப்படியே. நூறு, நூற்றைம்பது கிலோ எடையுள்ள வண்டி இவ்வளவு லேசான சைகைக்குக் கட்டுப்படுகிறது என்று தெரிந்துகொள்ளும் நொடியில் பலருக்குப் பாதிப் பயம் போய்விடுகிறது. வளைவு எதிர்பார்த்ததைவிட இறுக்கமாக இருந்தால், உள்பக்கக் கையை இன்னும் கொஞ்சம் தள்ள வேண்டும். அவ்வளவுதான். பயந்தவர் இரண்டு கையையும் விறைத்துக்கொள்ளும்போது, ஒரு கை தள்ளுவதை மறு கை தடுத்துவிடுகிறது. பைக் திரும்ப மறுப்பதாக அவருக்குத் தோன்றும்.

ஆகவே கை தளர்வாக இருக்க வேண்டும். உடம்பைத் தாங்கும் வேலையை முழங்கால்கள் பெட்ரோல் டேங்கை அணைத்துச் செய்யட்டும். முழங்கை மடங்கியிருந்து, கோழிச்சிறகு போல மேலும் கீழும் ஆட்ட முடிந்தால் சரி. மேல் உடம்பு வளைவின் உள்பக்கமாகச் சற்றே நகர்ந்தால் பைக் அதே வேகத்துக்குக் கொஞ்சம் குறைவாகச் சாய்ந்தால் போதும். முழங்காலைத் தரையில் உரசும் வித்தைக்குப் பொதுச்சாலையில் வேலை இல்லை.

இருங்காட்டுக்கோட்டை வகுப்பு

இந்த விஷயங்களைப் பாடத்திட்டமாகவே ஆக்கியவர்களில் முக்கியமானவர் அமெரிக்கரான கீத் கோட். 1980-ல் அவர் தொடங்கிய கலிஃபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல், ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ள, முன்பு மெட்ராஸ் மோட்டார் ரேஸ் டிராக் எனப்பட்ட பந்தயத் தடத்திலும் வகுப்புகள் நடத்தியிருக்கிறது. 3.7 கிலோமீட்டர் நீளமும் பன்னிரண்டு வளைவுகளும் கொண்ட தடம் அது.

ரேஸ் டிராக் பயிற்சி என்றால் முதல் பாடம் வேகம் என்றுதான் வெளியில் நினைப்பார்கள். அவருடைய முதல் பாடம் ஆக்சிலேட்டர். ஒரே கியர், பிரேக் தொடக்கூடாது. பிரேக் இல்லை என்றதும் மாணவர் வளைவுக்கு நெடுந்தூரம் முன்பே ஆக்சிலேட்டரைக் குறைத்து, சரியான வேகத்தை மனத்தால் கணிக்க வேண்டியிருக்கிறது. வேகத்தை அளக்கும் அந்த உணர்வைக் கூர்தீட்டுவதே நோக்கம். வளைவுக்குள் திரும்பி முடித்ததும் ஆக்சிலேட்டரை மெல்லத் திறந்து, விட்டு விட்டு இல்லாமல், ஒரே சீராகக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

அதற்குக் காரணம் எடை. ஆக்சிலேட்டரைப் படக்கென்று விட்டால் எடை முன்பக்கம் சரிகிறது, சஸ்பென்ஷன் அமுங்குகிறது, சாய்ந்திருக்கும் முன் டயரின் மேல் பாரம் ஏறுகிறது. மெல்லத் திறந்தால் எடை பின்னுக்கு நகர்ந்து, அகலமான பின் டயர் அதைத் தாங்கிக்கொள்கிறது. பைக் நிதானப்படுகிறது. கயிற்றின் மேல் நடப்பது போலிருந்த வண்டி தண்டவாளத்தில் போவது போல ஆகிவிடுகிறது.

மனிதனின் கவனத்தை கீத் கோட் பத்து டாலர் நோட்டுக்கு ஒப்பிடுகிறார். புதிதாகப் பழகுகிறவருக்குக் கிளட்சுக்கே ஐந்து டாலர் போய்விடும். பழகப் பழக அந்தச் செலவு காலணாவாகச் சுருங்கும், மிச்சம் சாலைக்குக் கிடைக்கும். வளைவில் வேகம் கூடிப் பயந்தவர் தம் பத்து டாலரையும் பயத்துக்கே கொடுத்துவிடுகிறார். அப்புறம் சாலையைப் பார்க்க எதுவும் இருப்பதில்லை.

மலைக்கென்று சில பாடங்கள்

ரேஸ் டிராக்கில் எதிரே அரசு பஸ் வராது. கொல்லிமலையில் வரும். நீளமான பஸ்ஸால் கொண்டை ஊசியைத் தன் பாதிக்குள் திருப்ப முடியாது. சாலை முழுவதையும் எடுத்துக்கொண்டுதான் வளையும். மலைச்சாலைக்குப் பழகியவர்கள், மேலேயிருந்தோ கீழேயிருந்தோ ஹாரன் கேட்டால் வளைவுக்கு முன்பே இடப்பக்கம் ஒதுங்கி நின்று பஸ்ஸுக்கு வழி விடுவார்கள். தாமும் வளைவுக்கு முன் ஹாரன் அடிப்பார்கள். குறுகலான இடத்தில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை என்பது விதி. பலாப்பழமும் வாழைத்தாரும் ஏற்றிக்கொண்டு இறங்கும் சரக்கு வண்டி முழு பாரத்தோடு வருகிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

வளைவுகளில் டீசல் சிந்தியிருப்பதும் வாடிக்கை. டேங்க் நிரம்பிய வண்டி சாயும்போது வழிவது அது. கருத்த தார் மேல் வானவில் நிறத்தில் மினுங்கினாலோ, டீசல் வாடை மூக்கில் ஏறினாலோ அடுத்த வளைவில் வேகம் பாதியாக வேண்டும். மழையின் முதல் கால் மணி நேரம்தான் வழுக்கல் அதிகம், எண்ணெயும் தூசியும் ஊறி மேலே வந்திருக்கும். உதிர்ந்த இலை, ஓரத்தில் அடித்து வந்த மண், பிஸ்கட்டுக்குக் காத்திருக்கும் குரங்குகள் எல்லாம் இந்தச் சாலையின் நிரந்தரக் குடிகள்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் சோதனை. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முழுப் பாரத்தையும் பிரேக்கின் மேல் போட்டால் அது சூடேறி, கருகிய வாடை வரும், பிடிமானம் குறையும். எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்கி எஞ்சினையே பிரேக்காகப் பயன்படுத்துவது பழைய லாரி டிரைவர்களின் பாடம். பைக்குக்கும் அதுதான்.

ஏபிஎஸ் இருக்கிறதே என்ற எண்ணமும் பலருக்கு உண்டு. 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் 125 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். பல உயிர்களைக் காக்கும் சாதனம் அது. ஆனால் சாதாரண ஏபிஎஸ் நேராகப் போகும் வண்டியை நினைத்துச் செய்யப்பட்டது. சாய்வை அளந்து அதற்கேற்ப வேலை செய்யும் கார்னரிங் ஏபிஎஸ் சில விலையுயர்ந்த மாடல்களில்தான் இருக்கிறது. எதுவாக இருந்தாலும் இல்லாத பிடிப்பை அதனால் உண்டாக்க முடியாது.

பின்னால் மனைவியோ நண்பரோ இருந்தால் அவருக்கும் சொல்லித்தர வேண்டியது உண்டு. இருபக்கமும் கால் போட்டு உட்கார வேண்டும். ஒருபக்கமாக உட்கார்ந்தால் மலைச்சாலையில் எடை ஒரே பக்கம் இழுக்கும். வளைவில் பயந்து எதிர்ப்பக்கம் சாயக்கூடாது. ஓட்டுகிறவரின் உள்பக்கத் தோளுக்கு மேலே சாலையைப் பார்த்தால் போதும், உடம்பு தானாக ஒத்துப்போகும். டயரில் காற்று, கம்பெனி சொன்ன அளவு இருக்க வேண்டும். நெடுஞ்சாலையிலேயே ஓடி நடுவில் தட்டையாகத் தேய்ந்த டயர், சாயும்போது ஒரு மேட்டைத் தாண்டுவது போலத் தட்டுத்தடுமாறிச் சாயும். கையில் கோளாறு என்று நினைத்துப் பல மாதம் வருந்தியவர்களுக்கு, டயர் மாற்றிய அன்றே வளைவு வசப்பட்டதுண்டு.

மறுபடியும் எட்டு

பெரும்பாலானவர்கள் வாழ்க்கையில் வேண்டுமென்றே வளைத்துப் பழகியது ஒரே ஒரு நாள், லைசென்ஸுக்கு எட்டு போட்ட நாள். அதே எட்டுதான் மிகச் சிறந்த பயிற்சியும். இடப்பக்கமும் வலப்பக்கமும் சம அளவில் திரும்ப வேண்டியிருப்பதால் எந்தப் பக்கம் பலவீனம் என்று அது ஒளிக்காமல் காட்டிவிடும். பலருக்கு அது வலப்பக்கம். ஆக்சிலேட்டரையும் முன் பிரேக்கையும் பிடித்திருக்கும் கையே உள்பக்கம் மடங்க வேண்டியிருப்பது காரணமாக இருக்கலாம்.

காலியான மைதானம், இரண்டு தண்ணீர் பாட்டில்கள், அரை மணி நேரம். பாட்டில்களுக்கு நடுவே பன்னிரண்டு தப்படி இடைவெளி விட்டு, ஹெல்மெட், கையுறை, ஷூவோடு, நடக்கும் வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக எட்டு போட வேண்டும். கிளட்ச் பாதி, பின் பிரேக்கில் லேசான அழுத்தம், கண் எப்போதும் அடுத்த பாட்டிலில். அது கைவந்ததும் நேர்கோட்டில் 40-லிருந்து இரண்டு பிரேக்கையும் படிப்படியாக அழுத்தி நிறுத்திப் பழகலாம். அப்புறம் வீட்டுப் பக்கத்தில், பார்வை மறைக்காத, போக்குவரத்துக் குறைந்த ஒரே வளைவைத் தேர்ந்துகொண்டு திரும்பத் திரும்பப் போகலாம். ஒரு நாளைக்கு ஒரு விஷயம். இன்று கண் மட்டும். நாளை கை தளர்வு மட்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் சரிசெய்யப் பார்த்தால் பத்து டாலரும் தீர்ந்துவிடும். வேகத்தைக் கூட்ட வேண்டியதில்லை. திருத்தமாகச் செய்யச் செய்ய அது தானாகவே கொஞ்சம் கூடியிருக்கும், பயமும் குறைந்திருக்கும்.

சில வாரங்கள் கழித்து அதே ஆள் மறுபடி காரவள்ளிக்கு வருகிறார். அதே டீ, அதே 1/70. ஆறாவது வளைவுக்கு முந்தைய நேர்ச்சாலையில், பலகை தெரிந்ததுமே ஆக்சிலேட்டர் இறங்குகிறது, இரண்டாவது கியர் விழுகிறது. மேலேயிருந்து ஹாரன் சத்தம். இடப்பக்கம் ஒதுங்கி ஒரு காலை ஊன்றி நிற்கிறார். பஸ் சாலை முழுவதையும் எடுத்துக்கொண்டு வளைந்து, ஜன்னல் ஓரத்துப் பாட்டி அவரையே பார்த்தபடி, கடந்து இறங்குகிறது. அவர் கிளட்சை மெல்ல விடுகிறார். மோவாய் வலது தோளுக்குப் போகிறது. வலது உள்ளங்கை கைப்பிடியை ஒரு விரல் அளவு முன்னே தள்ள, பைக் சாய்ந்து மேலே ஏறுகிறது. கண் ஏற்கெனவே ஏழாவது பலகையைத் தேடிக்கொண்டிருக்கிறது.